மூன்று பேருக்கு ஒரு அறை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல். வழக்கத்துக்கு எழுதுகிற ஆவல் இல்லை, நிஜமாகவே ஆவல்.

நீ அனுப்பிய சுவிட்சர்லாந்துப் பயணத் திட்டத்தைத் தம்பி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். நாலு பக்கம். நாள், கிழமை, ரயில் புறப்படும் நேரம், பிளாட்பாரம் மாற எத்தனை நிமிஷம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறாய். எங்கள் டிவிஷனில் டைம்டேபிள் போட்டவர்கள்கூட இத்தனை சுத்தமாகப் போட்டதில்லை. எதிர்வீட்டு சாரிடம் காட்டினேன். "ரயில்வே கார்டு பெற்ற பெண் என்று தெரிகிறதே" என்றார். அன்று முழுக்க அந்தத் தாளை மடிக்காமல் மேஜை மேலேயே வைத்திருந்தேன், வேறு யாராவது வந்தால் காட்டலாம் என்று.

ஆனால் அம்மாடி, இது முப்பது வயதுக்காரர்களுக்குப் போட்ட டைம்டேபிள். ஒன்பது நாளில் சூரிச், இன்டர்லாகன், செர்மாட், செயின்ட் மோரிட்ஸ் என்று நாலு ஊர், நாலு ஓட்டல். ஓரிடத்தில் ரயில் மாற ஏழு நிமிஷம் கொடுத்திருக்கிறாய். அம்மா படி இறங்குவதை நீ பார்த்து நாளாயிற்று. இப்போதெல்லாம் பக்கவாட்டில்தான் இறங்குகிறாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் இறக்குவாள். இடது காலைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் சேர்ப்பாள். ஒரு மூச்சு. பிறகு அடுத்த படி. மாடியிலிருந்து கீழே வருவதற்குள் நான் பேப்பரில் ஒரு பக்கம் படித்துவிடுகிறேன். உன் ஏழு நிமிஷம் ஒரு பிளாட்பாரத்திலிருந்து இறங்குவதற்கே போய்விடும்.

ஒரே ஓட்டல் போதும். லூசர்னில் போடு. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், லிஃப்ட் உள்ளதாக. லிஃப்ட் வரை படி இருக்கிறதா என்பதையும் கேள். சில இடத்தில் லிஃப்ட் இருக்கும், அதற்குப் போக ஐந்து படி ஏற வேண்டியிருக்கும். சூரிச் விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து லூசர்னுக்கு நேர் ரயில், ஒரு மணி சொச்சம். லூசர்ன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. பெட்டியை ஒரு தடவை அவிழ்த்தால் ஊருக்குக் கிளம்பும்போது கட்டினால் போதும். நடுவில் எங்கே போனாலும் ராத்திரி அதே கட்டில், அதே குளியலறை. ராத்திரி எழுந்தால் விளக்கு எந்தப் பக்கம் என்று தேட வேண்டாம். எங்கள் வயதில் விழுகிறவர்கள் பெரும்பாலும் மலையில் விழுவதில்லையம்மா, குளியலறை வாசலில்தான் விழுகிறார்கள்.

இரண்டாம் நாளே யுங்ஃபிராவ்யோக் மலை ஸ்டேஷன் போட்டிருக்கிறாய். அப்பாவுக்காகத்தான் போட்டாய் என்று தெரியும். 1896-ல் ஆரம்பித்து, மலையின் வயிற்றுக்குள் பதினாறு வருஷம் குடைந்து, 1912-ல் ரயில் விட்டார்கள் என்று நீ சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து கேட்ட கதைதான். நினைவு வைத்திருக்கிறாய். ஆனால் அந்த ஸ்டேஷன் 3,454 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்தது உனக்கு நினைவிருக்கும். இதய டாக்டர் போகலாம் என்று வாயால் சொல்லாமல் அவளை அங்கே ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். அவர் சரியென்றாலும் இரண்டாம் நாள் வேண்டாம்.

அதற்குப் பதில் ரிகி மலை. லூசர்னிலிருந்து விட்ஸ்னாவ் வரை படகில் ஒரு மணி நேரம். அந்த ஏரியில் இன்னும் ஐந்து நீராவிப் படகுகள் ஓடுகின்றன, மூத்தது 1901-ல் கட்டியது. எஞ்சின் ஓடுவதை மேல் தட்டிலிருந்தே குனிந்து பார்க்கலாமாம். விட்ஸ்னாவில் இறங்கினால் கரையிலேயே ரிகி ரயில். ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அதுதான், 1871. தண்டவாளம் இரண்டுக்கும் நடுவில் ஏணி படுத்த மாதிரி ஒரு பல்வரிசை போகும். எஞ்சின் அடியிலிருக்கும் பல்சக்கரம் அதில் மாட்டி மாட்டி ஏறும். ரிகன்பாக் என்ற எஞ்சினியரின் வேலை. உச்சியே 1,800 மீட்டருக்குக் கொஞ்சம் கீழேதான். நீ வாங்கப்போகும் ஸ்விஸ் டிராவல் பாஸில் படகும் ரிகியும் அடங்கிவிடும். யுங்ஃபிராவ்யோக்குக்குத் தள்ளுபடி மட்டும்தான்.

கிளேசியர் எக்ஸ்பிரஸையும் எடுத்துவிடு. 291 பாலம், 91 சுரங்கம், எனக்குத் தெரியாதா? ஆனால் எட்டு மணி நேரம். அம்மாவால் முழங்காலை மடக்கி ஒரு மணி நேரம்தான் உட்கார முடியும். எனக்கு ஒன்றரை மணிக்கு ஒரு தரம் எழுந்தாக வேண்டும். (விமானத்திலும் எனக்கு நடைபாதை ஓரச் சீட்டு, மறக்காதே.) ஒரு நாளைக்கு ஒரு இடம், அதுவும் மத்தியானத்துக்குள். பிறகு படுக்கை. வந்திறங்கும் நாளில் ஒன்றும் வேண்டாம். நடுவில் ஒரு நாள் முழுக்கக் காலியாக விடு. அன்று ஏரிக்கரையில் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பழைய மரப்பாலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 1993-ல் பெரும்பகுதி எரிந்துபோய், அடுத்த வருஷமே திரும்பக் கட்டி நிறுத்தினார்களே, அது. ஒரே ஓட்டல் போதும் என்று எழுதிவிட்டேனா?

சக்கர நாற்காலி விஷயம். அம்மா "நான் என்ன நடக்காதவளா" என்று கோபித்துக்கொள்வாள். நீ அவளிடம் கேட்காமல் டிக்கெட் போடும்போதே போட்டுவிடு. குறைந்தது 48 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். அதில் மூன்று விதம் இருக்கிறது. ஆர் என்றால் தூரம்தான் நடக்க முடியாது, படி ஏறுவார். எஸ் என்றால் படியும் ஏற மாட்டார். சி என்றால் சீட்டு வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அம்மாவுக்கு எஸ். ஆர் என்று போட்டால் சில இடத்தில் பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்தின் ஏணிப்படி அடியில் இறக்கிவிடுவான்.

மாத்திரை எல்லாம் கைப்பையில், அட்டையோடு. டாக்டர் சீட்டில் மருந்தின் மூலப்பெயரும் இருக்க வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இன்சூரன்ஸ் நீ எடுக்கிறாய். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ கவர் இருந்தால் போதும் என்று சொல்லிச் சின்னதாக ஒன்றைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பழைய வியாதிக்கு அது உதவுமா என்று கேள். ஸ்டென்ட், சர்க்கரை, என் பிரஷர் எல்லாவற்றையும் எழுது. பிரீமியம் கூடினால் கூடட்டும். மறைக்காதே. மறைத்தால் ஆபத்து வருகிற அன்றைக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

விசா பாரத்தை நானே உட்கார்ந்து நிரப்பினேன். தம்பி செய்து தருகிறேன் என்றான், நான்தான் விடவில்லை. ஒன்பதாம் கட்டத்தில் திருமண நிலை கேட்கிறான். நம் ஊர்ப் பாரம் மாதிரி ஆனவர், ஆகாதவர் என்று இரண்டோடு விடவில்லை. திருமணமானவர், பிரிந்து வாழ்பவர், விவாகரத்தானவர் என்று வரிசையாகத் தனித்தனிக் கட்டம். நான் என் கட்டத்தில் டிக் போட்டேன். அம்மாவுக்கும் போட்டேன். பிறகு கொஞ்ச நேரம் பேனாவை மூடவில்லை.

நீ மூன்று வாரமாக வீடியோவில் வரவில்லை. கேமரா சரியில்லை என்றாய். சரி. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று தம்பி சொன்னான். நீ சொல்லவில்லை. பெற்றவர்களை வெளிநாடு கூட்டிப்போக ஆசைப்படுகிற பெண் முதலில் தன் வீட்டுக்குத்தானே கூப்பிடுவாள் என்று அம்மா ஒருநாள் கேட்டாள். அங்கே குளிர் அதிகம், அதனால்தான் என்றேன். சுவிட்சர்லாந்தில் மட்டும் குளிராதா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கத் தெரியாது என்று நினைக்காதே.

அவள் நாலு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். மூன்று முடிந்தது. நாலாவதற்குக் கை நீளம் கேட்டு உனக்கு இரண்டு தடவை செய்தி போட்டாள். நீ பதில் போடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்துவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன், அவள் நூலைச் சுற்றினாள். சாம்பல் நிறம். முடியக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணியில் நாங்கள் இரண்டு பேரும் உன் பெயரைச் சொல்லவில்லை.

மறைக்காதே என்று உனக்கு எழுத எனக்கென்ன யோக்கியதை?

ஆறு வருஷம் ஆகிறது. அப்போது நீங்கள் இன்னும் வெளிநாடு போயிருக்கவில்லை. ஒரு பெட்டியோடு ராத்திரி வந்தாய். மறுநாள் சாயங்காலம் அம்மா குளிக்கப் போயிருந்த நேரத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அப்பா, கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமா" என்றாய். என்னம்மா ஆச்சு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "எத்தனை நாள் லீவு?" என்று கேட்டேன்.

எனக்குப் புரியவில்லை என்று நீ நினைத்திருந்தால், அது பொய். புரிந்தது. உன் குரலிலேயே புரிந்தது. தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று பயந்தேன். அந்த நாலு பேர் யாரென்று இன்றைக்கு யோசித்தால் ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை. அன்று ராத்திரியே போய் எமர்ஜென்சி கோட்டாவில் உனக்கு டிக்கெட் வாங்கினேன். ரயில்வேக்காரன் செல்வாக்கு. பெருமையாக வேறு சொன்னேன், "பார், கீழ் பெர்த்தே வாங்கியாச்சு" என்று. நீ "சரிப்பா" என்றாய். வண்டி கிளம்பும்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கடைசிப் பெட்டியில் எனக்குத் தெரிந்த கார்டு, என்னோடு லைனில் வேலை பார்த்தவர், கொடியை அசைத்துச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே கை காட்டினேன். வீட்டுக்கு வந்து, ஆபீஸ் வேலையாக வந்திருந்தாள், போய்விட்டாள் என்று அம்மாவிடம் சொன்னேன். இன்றுவரை அதை மாற்றிச் சொல்லவில்லை.

முப்பத்தாறு வருஷம் கார்டு வேலை. வண்டி நடுவழியில் நின்றால் ஏன் நின்றது என்று இறங்கிப் போய்ப் பார்ப்பதுதான் கார்டு வேலை. அதற்காக ராத்திரியில், மழையில், பாலத்து மேலெல்லாம் இறங்கி நடந்திருக்கிறேன்.

நீ எதையும் எழுத வேண்டாம். உனக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல், சொல்லாமலும் இரு. மூன்று பேருக்கு ஒரே அறை போட்டிருக்கிறாய். இரண்டு அறையாக மாற்று, அம்மா குறட்டை விடுவாள் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். மாற்றாதே. அப்படியே இருக்கட்டும். குளியலறைப் பக்கக் கட்டில் எனக்கு. ஜன்னல் பக்கம் உனக்கு.

இன்னொன்று. கடைசி நாள் கட்டத்தில் நானும் அம்மாவும் திரும்பும் விமானத்தின் நேரம் போட்டிருக்கிறாய். உனக்கு எதிரில் ஒன்றும் இல்லை. எல்லாக் கட்டத்தையும் நிரப்புகிற பெண் நீ. எங்கள் விமானத்தில் இன்னொரு சீட்டு இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொன்னேன். இருக்கிறது. நடுச் சீட்டுதான், ஓரம் கிடைக்கவில்லை. எத்தனை நாள் லீவு என்று கேட்க மாட்டேன்.

இதைப் படமெடுத்து அனுப்பத் தம்பியிடம் கொடுக்கப்போவதில்லை. நானே தபாலில் போடுகிறேன். உனக்கு வந்து சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆகலாம். அதற்குள் நாலு ஓட்டலுக்கும் பணம் கட்டிவிடாதே.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: சக்கர நாற்காலி எஸ். ஆர் இல்லை.