டிராஃப்டிங் சார் பணி ஓய்வு: ஞாயிறு சந்திப்பு

அனைவருக்கும் வணக்கம்.

நமக்குச் சட்டக் கல்லூரியில் பிராதும் (வாதியின் வழக்கு மனு) எதிருரையும் (பிரதிவாதியின் பதில்) எழுதக் கற்றுத்தந்த சார் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். கல்லூரிக்கு வரும் முன் முன்சீப் கோர்ட்டில் வழக்கு நடத்தியவர். அதனால்தான் அவர் வகுப்பில் பழைய கேஸ் கட்டுகள் இருந்தன. சி.பி.சி. (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 6 ரூல் 2-ஐ, "சங்கதியை எழுது, சாட்சியத்தை எழுதாதே" என்று மனதில் பதிய வைத்தார். எந்தப் பாரா சொந்த அறிவு, எந்தப் பாரா கேள்விப்பட்டது என்று வெரிஃபிகேஷனில் (எழுதியது உண்மை என்று கட்சிக்காரர் கடைசியில் தரும் உறுதி) பிரிக்காவிட்டால் தாள் திரும்பி வரும். இன்றும் கையெழுத்திடும் முன் நான் அதைத்தான் பார்க்கிறேன்.

நாள்: 12ஆம் தேதி ஞாயிறு, காலை 10 மணி
இடம்: கல்லூரி மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்) ஹால்

1. நீங்கள் எழுதிய பிராது அல்லது வக்கீல் நோட்டீஸ் ஒன்றின் நகல் கொண்டு வாருங்கள். சார் ஜூனியர்களுக்கு அதை வைத்துக் கடைசி வகுப்பு எடுக்கிறார். கட்சிக்காரர் பெயர், முகவரி, சர்வே எண்ணைக் கட்டாயம் மறைத்துவிடவும்.
2. சார் சிவப்பு மையில் திருத்திய பழைய தாள் இருந்தால் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். ஆல்பம் தயாராகிறது.
3. பொன்னாடை, மாலை வேண்டாம். சாரே சொல்லிவிட்டார்.
4. வருபவர்கள் பெயர், பேட்ச், மதியச் சாப்பாடு உண்டா என்பதை வியாழன் இரவுக்குள் பதிவிடவும். வெளியூர் நண்பர்கள் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம்.