வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூரில் குடியிருக்கும் மகளுக்குத் தலைப்பொங்கல் படி (பிறந்த வீட்டுச் சீர்) கொண்டுபோய், சின்னப் பிள்ளைகளோடு அங்கேயே பொங்கலும் விட்டுத் திரும்ப உதவிய எல்லாருக்கும் பாளையங்கோட்டையிலிருந்து எழுதும் நன்றி மடல் இது.

நன்றி மடல் என்றால் கொடுத்தவர்களைச் சொல்வதுதான் வழக்கம். நாங்கள் முதலில் சொல்ல வேண்டியது, "அதெல்லாம் வேண்டாம், இங்கனயே வச்சிட்டுப் போங்க" என்று தடுத்தவர்களை. நம்ம பக்கத்துப் படி லேசானதல்ல: வெண்கலப் பானை, பச்சரிசி, மண்டைவெல்லம், கரும்புக்கட்டு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, தேங்காய், வாழைத்தார், அதற்கு மேல் சேனை, சிறுகிழங்கு என்று ஒரு சாக்கு. மகள் வீடு சேரன்மகாதேவியில் இருந்தால் ஒரு வேன் பிடித்தால் தீர்ந்தது. கடல் தாண்டினால் இதில் பாதிக்கு மேல் பெட்டியில் ஏறவே கூடாது. அடுத்த தைக்கு இப்படிப் புறப்படுகிற வீடுகள் நம் தெருக்களில் நிறைய இருப்பதால், அவர்கள் சொன்னதை அளவு மாறாமல் எழுதுகிறோம்.

பயணச்சீட்டு போட்டுக் கொடுத்த அண்ணாச்சிக்கு முதல் நன்றி. சீட்டு போடுவதற்கு முன்பே பஞ்சாங்கத்தைப் பார்க்கச் சொன்னார். தை ஒன்று எல்லா வருடமும் ஒரே தேதியில் வராது. 2024-இல் ஜனவரி 15, 2025-இல் ஜனவரி 14. ஒரு நாள் தவறினால் பொங்கலன்று விமானத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். படிச் சாமானில் அவர் வேண்டாம் என்று நீக்கியவை இவை. சூடம் கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது; எளிதில் தீப்பற்றும் பொருள். பாயசத்துக்குப் போடும் பச்சைக் கர்ப்பூரமும் அந்த வகைதான். கொப்பரைத் தேங்காயும் கூடாது. அதில் இருக்கும் எண்ணெய் அடைசலான இடத்தில் தானாகவே சூடேறக் கூடியது. தீப்பெட்டி வேண்டாம். நெய்யைப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். அல்வாவும் பெட்டிக்குத்தான். ஆனால் அடியில் புதைக்காமல் மேலாக வைக்கச் சொன்னார். கனமான கட்டியாக இருப்பதால் எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்து பெட்டியைத் திறப்பார்கள். மேலே இருந்தால் பட்டுச்சேலைகள் கலையாமல் தப்பும்.

சிங்கப்பூருக்கென்று தனியாக அவர் சொன்னது இன்னும் முக்கியம். கசகசா அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். தனியாக யாரும் எடுத்துப் போகமாட்டார்கள்; வீட்டில் அரைத்த குருமாப் பொடிக்குள் இருப்பது நினைவுக்கு வராது. சூயிங்கமும் வாய்ப்புகையிலையும் அப்படியே. வெற்றிலைத் தாம்பூலத்தோடு பெரியவர்கள் மடித்து வைத்திருக்கும் பொட்டலத்தை ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடுங்கள். வேரும் மண்ணும் ஒட்டிய மஞ்சள்குலை எந்த நாட்டு எல்லையிலும் வில்லங்கம்தான். அதற்குப் பதில் காய்ந்த விரலி மஞ்சள் இரண்டை நூலில் கோத்துப் பானைக் கழுத்தில் கட்டினால் போதும்.

பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு அடுத்த நன்றி. இரண்டு கிலோ வெண்கலப் பானையை விற்றிருந்தால் அவருக்கு லாபம். "அங்க என்ன அடுப்பு?" என்று கேட்டார். இண்டக்‌ஷன் என்றதும் பானையை எடுத்து மேலே வைத்துவிட்டார். வெண்கலம், பித்தளை, அலுமினியம், மண் எதுவும் அந்த அடுப்பில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். கடையிலேயே ஒரு சின்னக் காந்தத்தை வைத்து ஒட்டிக் காட்டினார். எவர்சில்வரிலும் ஒட்டாத வகை உண்டு. இரண்டு லிட்டர் பிடிக்கும், கழுத்து குறுகிய, அடி தட்டையான பாத்திரமாக எடுத்துக் கொடுத்தார். வாய் அகன்ற சட்டியில் நுரை பரவி அடங்கிவிடும், பொங்கி வழியாது.

காருகுறிச்சியில் பானை வனைகிற தாத்தாவையும் இங்கே சொல்ல வேண்டும். பெரிய மண்பானை வேண்டாம் என்றவர், உள்ளங்கையில் அடங்கும் சிறுபானைகளைப் பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்தார். வெந்த பொங்கலை அதில் எடுத்து வைத்துச் சூரியனுக்குப் படைக்கலாம். புதுப்பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசி களைந்த தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்க வேண்டும். அதையும் இங்கேயே முடித்து, நன்றாக வெயிலில் காயவைத்து எடுத்துப் போகச் சொன்னார். ஈரத்தோடு கட்டினால் துணியில் பூசணம் பிடிக்கும். பானைக்குள் பிள்ளைகளின் காலுறையைத் திணித்து, வெளியே துண்டைச் சுற்றினால் உடையாது.

சிங்கப்பூரில், லிட்டில் இந்தியா பகுதியில் உள்ள தேக்கா சந்தைக்கு எங்களைக் கூட்டிப்போன பெரியம்மாவுக்கு நன்றி சொல்லி முடியாது. பொங்கலுக்கு முந்தின நாட்களில் சிராங்கூன் சாலைப் பக்கம் கரும்பு, மஞ்சள்குலை, மாவிலை, வாழையிலை, பச்சரிசி, வெல்லம், கோலமாவு எல்லாம் கிடைக்கிறது. மாடுகளைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டுவதும் உண்டு. முழுக் கரும்பை வாங்கிக்கொண்டு ரயிலேற முடியாது என்று இரண்டடித் துண்டுகளாக வெட்டி வாங்கிக் கொடுத்தார். அந்த ரயிலில் எதையும் தின்னக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மீறினால் 500 வெள்ளி வரை அபராதம். கையில் கரும்பை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வீடு வரும்வரை கடிக்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? கரும்புக்கட்டைப் பெரியவர்களே கையில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கையைத் துப்பவும் ஒரு பை வேண்டும்; தெருவில் துப்பினால் அதற்கும் அபராதம்.

பனை ஓலையில் தீமூட்டி, வாசலில் பொங்கக்கட்டி (அடுப்பாக வைக்கும் மண்கட்டி) வைத்துப் பொங்குவது அங்கே நடக்காது. கட்டடப் பொறுப்பாளர் அதைப் பொறுமையாக விளக்கினார், அவருக்கும் நன்றி. 2018 ஜூன் முதல் புதிதாகக் கட்டும் வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். சாம்பிராணிப் புகைக்கும் அது அலறும். பானைக்கு நேர் மேலே இருந்தால் ஆவிக்கே அலறலாம். அடுப்பைச் சன்னலோரமாக, கருவியிலிருந்து தள்ளி வைத்து, காற்று வெளியே போகும்படி பார்த்துக்கொண்டால் தொந்தரவு இல்லை. கருவியைத் துணியால் மூடலாமா என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஓட்டல் அறையில் அடுப்பு வைக்கும் எண்ணமே வேண்டாம். சொந்தக்காரர் இல்லாத ஊரென்றால் சமையலறையோடு உள்ள, உரிமம் பெற்ற தங்குமிடமாகப் பாருங்கள். சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவதே சட்டப்படி கூடாது. இணையத்தில் நாள்வாடகைக்கு மலிவாகக் கண்ணில் படுவதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இனி, அளவு எழுதிக் கொடுத்த ஆச்சிக்கு. பொங்கல் அளவை ஆச்சிகள் கையளவில்தான் சொல்வார்கள்; எங்களுக்காகத் தராசில் நிறுத்து எழுதித் தந்தார். இரண்டு லிட்டர் பானைக்கு, அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் 1,350 மில்லி, பால் 250 மில்லி. பச்சைத் தண்ணீர் மட்டும் ஊற்றினால் கொதிக்குமே தவிர நுரை எழாது. களைந்த தண்ணீரில் உள்ள மாவுச்சத்தும் பாலும் சேர்ந்துதான் நுரையைத் தாங்கி மேலே தூக்குகின்றன. பானையைச் சுற்றி ஈரத் துண்டை வளையமாகப் போடுங்கள், ஆனால் அடுப்பின் காற்றுத்துளைகளை மூடக் கூடாது. வழிந்த பால் அந்தத் துளைக்குள் இறங்கினால் அடுப்பு போச்சு. இண்டக்‌ஷனில் ஒரு நன்மை, அணைத்த நொடியே கொதி அடங்கும். நுரை விளிம்பைத் தொட்டு வழிந்ததும் பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த, பெரியவர்கள் குலவையிட, ஒருவர் மட்டும் பொத்தானில் விரலை வைத்திருந்தால் போதும். குலவை என்றால் என்ன என்று பக்கத்து வீட்டாரிடம் முந்தின நாளே சொல்லிவிடுவது நல்லது.

பொங்கியதும் 400 மில்லி தண்ணீரை மோந்து தனியே வையுங்கள், பின்னால் இறுகினால் உதவும். அதன்பிறகு 250 கிராம் பச்சரிசியும், வாசம் வர வறுத்த 50 கிராம் பாசிப்பருப்பும் போட்டுக் குறைந்த சூட்டில் அரைமணி நேரம், அடி பிடிக்காமல் கிளறி, விரலால் நசுக்கினால் மசியும்வரை வேகவிட வேண்டும். அதற்கு முன்னால் வெல்லத்தைக் காட்டவே கூடாது. வெல்லம் விழுந்தபின் அரிசி வேகாது, விறைத்து நிற்கும். பால் கொதிக்கும்போது போட்டால் திரியவும் செய்யும். 350 கிராம் வெல்லத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பை அணைத்துவிட்டுச் சேர்த்துக் கிளறி, மறுபடி ஐந்து நிமிடம் சின்னச் சூடு. நெய் நான்கு மேசைக்கரண்டி, ஏலக்காய் நான்கு, முந்திரி உங்கள் மனம்போல. எட்டுப் பேருக்குக் காணும்.

நேரம் குறித்துத் தந்த பஞ்சாங்கக்காரத் தாத்தாவையும் மறக்கவில்லை. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதால் ஊர்ப் பஞ்சாங்க நேரத்தோடு இரண்டரையைக் கூட்டிக்கொள்வார்கள். அது தவறு. ராகுகாலம் அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டியது. தை பிறக்கும் சமயத்தில் சிங்கப்பூரில் உதயம் ஏறக்குறைய 7:10, பகல் பன்னிரண்டு மணி நேரம். பகலை எட்டுப் பங்காக்கினால், புதன்கிழமை ஐந்தாம் பங்கு ராகுகாலம், அதாவது 1:10 முதல் 2:40 வரை. இங்கே நாம் மனப்பாடமாகச் சொல்லும் 12 முதல் 1:30 அங்கே செல்லாது. வடகிழக்குப் பருவமழை ஜனவரியிலும் அங்கே பெய்வதால் சூரியன் தெரியாமலே விடியலாம்; கிழக்குப் பார்த்த சன்னலே போதும் என்றார்.

பிள்ளைகள் விஷயத்தில் அவர் கணக்கு இன்னும் உதவியது. அங்கே 7:10 என்பது அவர்கள் உடம்புக்கு விடிகாலை 4:40. முந்தின இரண்டு இரவும் சீக்கிரம் படுக்கவைத்தால்தான் அழாமல் எழுந்து குளிப்பார்கள். திருநெல்வேலியில் உதயம் 6:40 வாக்கில், அங்கே அப்போது மணி 9:10. அங்கே பொங்கல் விட்டுச் சாப்பிட்டு முடித்தபின், ஊரில் ஆச்சி ஓலையில் தீமூட்டுவதை வீடியோ அழைப்பில் பார்க்கலாம். ஒரே நாளில் இரண்டு பொங்கல் பார்க்கிற பாக்கியம் உள்ளூரில் இருப்பவர்களுக்குக் கிடையாது. கோலத்துக்கு எதிர்வீட்டு மதினி கொடுத்த யோசனை அருமையானது. கருப்பு அட்டையை அகலத் தட்டில் விரித்து, ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்துப் பிள்ளைகளே போட்டார்கள். தரையில் மாவு சிந்தாததால் எறும்பும் வரவில்லை, பொது நடையைக் கழுவும் வேலையும் இல்லை.

வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்காக, வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் சொல்லி அனுப்பியதையும் சேர்க்கிறோம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நெய், பால்கோவா எதுவும் கொண்டுபோகக் கூடாது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. நம் ஊர் 230 வோல்ட் மின்குக்கரை ஜப்பானில் மாட்டினால் ஐந்தில் ஒரு பங்குச் சூடுகூட வராது, அரிசி ஊறிக்கொண்டே இருக்கும். அங்கேயே இரவல் வாங்குங்கள். லண்டனில் அந்த நாட்களில் சூரியன் எட்டு மணிக்குத்தான் எழும்பும், பிள்ளைகளுக்கு அது வசதி. இலங்கையில் தைப்பொங்கல் அரசு விடுமுறை, சிங்கப்பூரில் இல்லை. மருமகனுக்கு முன்கூட்டியே விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கூடுதலாக நாள் கொடுத்த ஆசிரியர்களுக்கும், மதுரை விமான நிலையத்தில் தூங்கிய பிள்ளைகளைத் தோளில் சுமந்த மாமாக்களுக்கும், படியில் வைக்காமல் விட்ட பனங்கிழங்கை எங்களுக்காக மண்ணிலிருந்து பிடுங்காமல் வைத்திருந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சிக்கும் நன்றி.

கடைசியாக, மார்கழியில் பெண்பிள்ளைகள் வாசலில் வைத்த பூசணிப்பூவையும் சாணத்தையும் தினமும் வரட்டியாகத் தட்டிக் காயவைத்து, நாங்கள் ஊரில் இல்லாத நாட்களிலும் நனையாமல் எடுத்து வைத்த தெரு ஆச்சிகளுக்கு. பெண்பிள்ளைகள் மண்ணில் சின்ன வீடு கட்டி வைக்கும் சிறுவீட்டுப் பொங்கலுக்குத் தை ஒன்றுதான் என்ற கட்டாயம் இல்லாததால், திரும்பி வந்தபின்பும் பிள்ளைகளுக்கு அது மிச்சம் இருக்கிறது. மண்ணில் சிறுவீடு கட்டுகிற வேலை தொடங்கிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பொங்கல், சாயங்காலம் தாமிரபரணியில் வரட்டி விடுதல். மேலே சொன்ன எல்லாரும் வீட்டுப் பிள்ளைகளோடு வந்துவிட வேண்டும். வரும்போது சின்னக் கரண்டி ஒன்று கொண்டுவந்தால் நல்லது, சிறுவீட்டுப் பானைக்குள் பெரிய கரண்டி நுழையாது.

இப்படிக்கு,
படி கொண்டுபோன இரு வீட்டார்,
பாளையங்கோட்டை