வழிமொழிய ஒருவர்

அன்புள்ள கண்ணா,

உன் செய்தி வந்தது. 'நல்லா இருக்கேன், பரீட்சை இருக்கு, அப்புறம் எழுதறேன்.' அவ்வளவுதான். பரீட்சை என்றால் சரி, படி. ஆனால் செப்டம்பரிலும் உனக்குப் பரீட்சை இருந்தது, பக்கம் பக்கமாகவும் எழுதினாய். பழைய மாணவர்களை வரவேற்கிற ஹோம்கமிங் வாரத்துக்குப் பள்ளி நடைபாதையை அலங்கரித்ததை, எந்தத் தாள் எந்த லாக்கருக்கு மேல் என்பது வரைக்கும் எழுதியிருந்தாய். அப்பா அதை ஆபீசில் படித்துக் காட்டாத ஆள் இல்லை.

இங்கே எல்லாரும் நலம். பாப்பா உன் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். சித்தி அந்தப் பழைய விஷயத்தை மறுபடி கிளப்பினாள், நான் வாயைத் திறக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். உன்னை அமெரிக்காவுக்கு அனுப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் கொடுத்த அட்டையை எப்போதும் பையிலேயே வைத்திரு.

நீ மாணவர் கவுன்சிலில் வகுப்புப் பிரதிநிதி ஆனபோது எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சரியாகச் சொன்னேனா தெரியவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளுக்கெல்லாம் பெரும்பாலும் முந்தின வசந்தத்திலேயே தேர்தல் முடிந்துவிடுகிறது. ஆகஸ்டில் போய் இறங்குகிற பிள்ளைக்குப் பிரதிநிதி இடம் கிடைத்தால் உண்டு. அடுத்த தேர்தல் வரும்போது அவன் பெட்டி கட்டிக்கொண்டிருப்பான். அந்தக் கொஞ்ச இடைவெளியில், பேர் தெரியாத பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கி நீ உள்ளே போனாய். ஒரு வருஷத்துக்கு மட்டும் வந்தவன் எதற்கு இதில் தலையிடுகிறான் என்று யாராவது நினைத்திருக்கலாம். நினைக்கட்டும்.

அதனால்தான் உன் கடைசி நீளக் கடிதத்தை எடுத்து எடுத்துப் படிக்கிறேன். புதிதாக வரும் மாணவர்களோடு முதல் சில வாரம் மதிய இடைவேளையில் கவுன்சில் உறுப்பினர்கள் முறை வைத்து உட்கார வேண்டும் என்று நீ முன்மொழிந்தாய். வழிமொழிய யாராவது உண்டா என்று தலைவி கேட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. தீர்மானம் விழுந்தது என்று சொல்லிவிட்டு நடன டிக்கெட் விற்பனைக்குப் போய்விட்டார்கள். இவ்வளவையும் நாலு வரியில் எழுதி, கீழே 'பரவாயில்லை' என்று போட்டிருந்தாய். உன் 'பரவாயில்லை' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து இந்தக் கூட்ட விதிகளை எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்று நீ சொல்வாயே, அதேதான். வழிமொழிவது என்றால் தீர்மானத்தை ஆதரிப்பது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். இதைப் பற்றிக் கூட்டம் பேசலாம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வழிமொழிந்துவிட்டு எதிர்த்து ஓட்டுப் போடலாம். வழிமொழிந்தவர் பெயரைக் கூட்டக் குறிப்பில் எழுதவேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஆக அன்றைக்கு உன் யோசனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பேசவே இல்லை. இரண்டும் ஒன்றில்லை, கண்ணா. சும்மா இருந்த பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்காது. யாராவது சொல்லட்டும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

அந்த விதிகளை எழுதிய ராபர்ட் அமெரிக்க ராணுவத்தில் பொறியாளர். 1863-இல் நியூ பெட்ஃபோர்ட் என்ற ஊரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்களாம். எப்படி நடத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை, கூட்டம் கலாட்டாவாகிவிட்டது. அந்த அவமானத்தில்தான் விதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்திருக்கிறார். புத்தகம் வந்தது 1876-இல். இன்றைக்கு உங்கள் கவுன்சில் வரைக்கும் அவர் விதிதான் ஓடுகிறது.

விழுந்த தீர்மானத்தை இன்னொரு கூட்டத்தில் மறுபடி கொண்டுவரலாம். இதையும் பார்த்துவிட்டேன். உங்கள் கவுன்சிலுக்கென்று தனி விதி இருந்தால் பொறுப்பாசிரியரிடம் கேட்டுக்கொள். ஆனால் இந்த முறை முன்கூட்டியே ஒருவரிடம் சொல்லி வை. 'நான் இதைக் கொண்டுவருகிறேன், நீ வழிமொழி' என்று முந்தின நாளே சொல்லிவிடு. ஒரே ஒருவர் போதும்.

இதை எழுதும்போதே கை நின்றுவிடுகிறது. அந்த ஒருவர் உனக்கு அங்கே இருக்கிறாரா?

தீர்மானத்தில் 'சில மாணவர்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்' என்று எழுதியிருந்தாய். யார் அந்தச் சில மாணவர்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. ஒவ்வொரு பீரியடுக்கும் வகுப்பறை மாறும், கூட இருக்கிற முகங்களும் மாறும், நாள் முழுக்கப் பக்கத்தில் ஒரே ஆள் இருக்கமாட்டான் என்று நீதான் முதல் மாதம் எழுதினாய். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது கஃபெடீரியா வாசலில் தட்டோடு நின்று எந்த மேஜைக்குப் போவது என்று பார்க்கிற பிள்ளையாகத்தான் நீ என் கண்ணில் தெரிகிறாய். கவுன்சிலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் மதியத்தில் அப்படி நிற்க வேண்டி வரலாம் இல்லையா?

அடிக்கடி வீட்டுக்குப் பேசினால் பிள்ளைக்கு அங்கே மனது ஒட்டாது என்று திட்டத்தில் சொன்னார்கள். அதற்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். நீயும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தால் எப்படி? திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒரு முறையாவது உன்னிடம் பேசியாக வேண்டும் என்பது விதி. அவர் கேட்கும்போது 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே, உள்ளதைச் சொல். நீ தங்கியிருக்கிற வீட்டு அம்மாவிடமும் சொல். தங்குகிற வீடு சரிப்படவில்லை என்றால்கூட மாற்றித் தருவார்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அந்த அட்டையில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் எண்ணும் இருக்கிறது. அதை அழைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அட்டை பையில்தானே இருக்கிறது?

வருஷத்தைப் பாதியில் விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. நீ வரமாட்டாய் என்றும் தெரியும், நீ அப்பாவின் பிள்ளை. தீர்மானம் நிறைவேறினாலும் சரி, மறுபடி விழுந்தாலும் சரி, எனக்கு அது பெரிதில்லை. ஆனால் அதை மறுபடி கொண்டுவா. அடுத்த ஆகஸ்டில் இன்னொரு பிள்ளை அங்கே வந்து இறங்கும், அப்போது நீ இருக்கமாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்தில் கூப்பிடுவோம். பாப்பா பக்கத்தில் இருப்பாள், உனக்குப் பேச வராது. அதனால் அதற்கு முன்னால் இதற்கு மட்டும் பதில் எழுது, ஒரு வரி போதும்: மதியம் யார் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறாய்?

அம்மா