வாக்கியத்தின் வாலில் ஒரு 'வ'

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய மொழி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெண்கள் வாக்கிய முடிவில் 'வ', 'நோ யோ', 'காஷிரா' என்று சேர்ப்பார்கள், ஆண்கள் 'ஸோ', 'ஸே' என்பார்கள், ஜப்பானியப் பெண்களின் மென்மை இதிலேயே தெரிகிறது என்று எழுதியிருந்த பத்திக்கு வந்ததும் சிரித்துவிட்டேன். நானும் அதை நம்பி ஒருமுறை அசடு வழிந்தவள்தான்.

டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மதியச் சாப்பாட்டில், பழைய பாடப்புத்தகத்தில் படித்ததை நினைவு வைத்துக்கொண்டு 'ஒஇஷீ வ' என்றேன், கடைசி எழுத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி. ருசியாக இருக்கிறது என்று சொன்னேன், அவ்வளவுதான். எதிரே இருந்த பெண், என்னைவிட வயதில் சின்னவள், "எங்க பாட்டி பேசுற மாதிரியே இருக்கு" என்றாள். அப்புறம் அவளே 'ஒஇஷீ நே' என்று சொல்லிக்காட்டினாள். அந்த 'நே' எல்லாருக்கும் பொது, ஆணும் சொல்வார், பெண்ணும் சொல்வார்.

அதற்குப் பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். மழை பெய்கிறது என்பதற்குப் பெண்கள் 'அமே யோ' என்பார்கள், ஆண்கள் நடுவில் 'தா' சேர்த்து 'அமே தா யோ' என்பார்கள் என்றுதான் புத்தகம் சொல்லியிருந்தது. என்னுடன் வேலை பார்த்த பெண்கள் அத்தனை பேரும் 'தா யோ'தான். கட்டுரையாளர் பெண் பேச்சு என்று ஒதுக்கிய 'வ'வையோ தினமும் மாலையில் எங்கள் மேலாளர் வாயில் கேட்பேன். ஐம்பதைத் தாண்டிய ஒசாகாக்காரர், பையைத் தூக்கிக்கொண்டு 'மோ காஎரு வ', சரி கிளம்புறேன், என்பார். வித்தியாசம் சுருதியில் இருக்கிறது. குரல் ஏறினால் அது அந்தக் காலத்துப் பெண் பேச்சு, இறங்கினால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இதை அச்சில் காட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மென்மை என்ற சமாசாரம்தான் எனக்கு உறுத்துகிறது. இந்த 'வ' ஒட்டிய 'தவ', அதன் கூட்டாளி 'தெயோ' ஆகிய முடிவுகள் மெய்ஜி காலத்துப் (1868–1912) பள்ளி மாணவிகளின் பேச்சாகப் பரவியவை. 1888இல் எழுத்தாளர் ஓசாகி கோயோ ஒரு பெண்கள் பத்திரிகையில், நல்ல குடும்பத்துப் பெண்கள் இப்படிப் பேசலாமா என்கிற தொனியில் கண்டித்தே எழுதினார். அன்றைக்கு அடக்கமில்லாத பேச்சு, பின்னால் அதே பேச்சு அடக்கத்தின் அடையாளம்! கண்டித்தவர்களின் அடுத்த தலைமுறைகள் அதையே பெண்மை என்று எடுத்துக்கொண்டன.

இன்றைக்கு அது செழிப்பாக இருக்கும் இடம் மொழிபெயர்ப்புதான். வெளிநாட்டு நடிகை பேட்டி கொடுத்தால் ஜப்பானிய வசன வரியில் 'வ'வும் 'நோ யோ'வும் வந்து ஒட்டிக்கொள்ளும், அந்த அம்மா பேசியது ஆங்கிலமாக இருந்தாலும். கிழவருக்கு ஒரு முடிவு, சீமாட்டிக்கு ஒரு முடிவு என்று பாத்திரத்துக்கு மாட்டிவிடும் இந்தப் பேச்சுக்கு மொழியியலாளர் கின்சுய் சாதோஷி 'யாகுவாரிகோ' என்று பெயர் வைத்தார், வேடப் பேச்சு என்று சொல்லலாம்.

'காஷிரா'வைப் பற்றியும் ஒன்று. அது 'கா ஷிரனு', அதாவது தெரியவில்லையே என்பதிலிருந்து தேய்ந்து வந்தது. மழை 'வருமோ' என்று நாம் ஓகாரம் போடுகிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலை. கட்டுரையில் இந்த முடிவுகளை நம் 'டீ'யோடு ஒப்பிட்டது பொருந்தவே இல்லை. 'டா', 'டீ' கேட்பவர் ஆணா பெண்ணா என்று காட்டுபவை, ஜப்பானிய முடிவுகள் காட்டியது பேசுபவரை. அடுத்த வாரம் தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். கேள்வியாக வரும் 'நோ'வையும் பெண்கள் கணக்கில் எழுதிவிட வேண்டாம் என்று கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். 'தோகோ இகு நோ?', எங்கே போறே, என்று ஆண்களும்தான் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி