ஒரு முழம் தோண்டிப் பாருங்கள்

சுரங்க நிலத்துக்கு ‘சீரமைப்பு முடிந்தது’ என்று சான்று தரும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

எங்கள் வயலை ஒட்டிய நிலத்துக்குப் போன மாதம் அந்தச் சான்று கிடைத்துவிட்டது. ஆய்வுக்கு வந்தவர்கள் கன்றுகளை எண்ணினார்கள், படம் எடுத்தார்கள், கிளம்பினார்கள். யார் கையிலும் மண்வெட்டி இல்லை.

அவர்கள் போன பிறகு நான் தோண்டிப் பார்த்தேன். நாலு விரல் ஆழத்துக்குத்தான் மேல்மண். அதற்குக் கீழே கடப்பாரையும் இறங்கவில்லை. கனரக வண்டிகள் ஏறி இறங்கி இறுகிப்போன கழிவுமண். மழை பெய்தால் தண்ணீர் மேலேயே நிற்கிறது, நாலு நாள் வெயிலுக்குத் தரை வெடித்துவிடுகிறது. ஒரு கன்றைப் பிடுங்கினேன். வேர் போக வழியில்லாமல், நட்ட குழிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. தண்ணீர் லாரி வரும்வரை அது பச்சையாக இருக்கும். லாரி நின்ற பிறகு?

மேல்மண் ஒரு அங்குலம் சேர நூற்றாண்டுகள் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். சுரங்கம் தோண்டும் முன் அதைத் தனியாக அள்ளி, தாழ்வான குவியலாக வைத்து, மேலே புல் விதைத்து, கூடிய சீக்கிரம் திரும்பப் பரப்ப வேண்டும் என்பதும் தெரியும். இங்கே அதை மலைபோல் குவித்து வருடக்கணக்கில் போட்டுவிட்டார்கள். காற்றுப் புகாத குவியலுக்குள் மண்புழுவும், வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சையும் எப்படிப் பிழைக்கும்? திரும்பி வந்தது மண்ணின் நிறம் மட்டும்தான்.

அதனால்தான் கேட்கிறேன்: சான்று தருவதற்கு முன் தோண்டிப் பாருங்கள். பத்து இடத்தில், ஒரு முழம். மேல்மண் எவ்வளவு இருக்கிறது, அடிமண் இளகியிருக்கிறதா, வேர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கன்றுகளை எண்ணலாம். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைச் சுரங்க நிலங்களில் காடு வளர்ப்பவர்கள், மரத்துக்குக் குறைந்தது 4 அடி இளகிய மண் வேண்டும் என்கிறார்கள்.

அந்த நாட்டின் 1977-ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கச் சட்டம், நட்டது பிழைக்கச் சுரங்க நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிய காலத்தை நட்ட நாளிலிருந்து கணக்கிடுவதில்லை. கூடுதலாக விதையும் உரமும் தண்ணீரும் கொடுத்த கடைசி ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுகள். ஆண்டு மழை 26 அங்குலத்தைத் தாண்டாத இடங்களில் 10 ஆண்டுகள். அதுவரை, சீரமைப்புக்கு உத்தரவாதமாக நிறுவனம் கட்டிய பிணைத்தொகை முழுதாக அதன் கைக்குத் திரும்பி வராது. இங்கே லாரி ஓடிக்கொண்டிருக்கும்போதே திருப்பிக் கொடுத்தாயிற்று. சுரங்கத்துக்கு நிலத்தை வாங்கும்போது “திரும்பவும் விளையும்” என்று எங்களுக்குச் சொன்ன வாக்கை யாரிடம் போய்க் கேட்பது? காகிதத்தில் பச்சை தெரிந்தால் போதுமென்று எத்தனை ஊரின் மண்ணை இப்படிக் கைகழுவியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சான்றை நிறுத்திவையுங்கள். கோடையில், தண்ணீர் நின்ற பிறகு, தயவுசெய்து ஒருமுறை வந்து தோண்டிப் பாருங்கள். நான் தோண்டிய குழியை இன்னும் மூடவில்லை.

இப்படிக்கு,
பக்கத்து வயல்காரன்