'முத்துக்குளிப்போர்' ஒத்திகை: பெற்றோருக்குப் பாடசாலை அதிபரின் கடிதம்

அன்புடைய பெற்றோருக்கு,

வணக்கம். இத்தவணை நிறைவாக முடிந்தது. வாணி விழா நன்றாக நடந்தது. பேச்சுப்போட்டியிலும் பண்ணிசைப் போட்டியிலும் பல பிள்ளைகள் பரிசு பெற்றார்கள். கீழ்ப்பிரிவு வாசிப்பில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. நூலகத்துக்குப் புத்தகங்கள் தந்தவர்களுக்கு நன்றி. பெயர் விபரங்களை வாசலில் உள்ள அறிவித்தல் பலகையில் பார்க்கலாம்.

இனி மேற்பிரிவு மாணவரின் ஓபரா (பாட்டாலேயே நடக்கும் மேலைநாட்டு இசை நாடகம்) ஒத்திகைப் பயணம் பற்றி. இதைச் சற்று ஆறுதலாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தவணையில் டொரொன்டோ குயின் வீதியிலுள்ள ஓபரா அரங்கில், மேடை உடைகளோடு நடக்கும் இறுதி ஒத்திகைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜோர்ஜ் பிஸே தமது 24ஆவது வயதில் அமைத்த 'முத்துக்குளிப்போர்' என்ற ஓபரா அது. 1863 செப்டெம்பர் 30 அன்று பாரிஸில் முதன்முதலாக மேடையேறியது. கதை நடப்பது இலங்கைக் கரையில். இதை நாம் தெரிவுசெய்ததற்கு அதுவே காரணம்.

சில பெற்றோர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். நம் மண்ணையும் சமயத்தையும் இது சரியாகக் காட்டுமா என்பது ஒன்று. காட்டாது. கதையை எழுதியவர்கள் முதலில் மெக்ஸிக்கோவை மனத்தில் வைத்திருந்து பிறகு இலங்கைக்கு மாற்றியவர்கள். பிஸே இலங்கையைக் கண்டவருமல்லர். பாத்திரங்களின் பெயர்கள் நாதிர், சுர்கா, லெய்லா, நூராபாத். பிரம்மாவை நோக்கிப் பாடும் பாடல்கள் பிரெஞ்சு மேடையின் கற்பனை. ஆனால் ஓர் இடம் வியப்பானது. முகத்திரையணிந்த பெண்ணொருத்தி பாறைமேல் நின்று பாடினால் குளிப்போரைக் கடல் தீண்டாது என்பது கதையின் நம்பிக்கை. மன்னாரில் அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், ஆட்கள் கடலில் இறங்கியிருக்கும் வேளையில் சுறா நெருங்காதபடி மந்திரம் சொல்ல 'கடற்கட்டி' என்று ஒருவர் இருந்தார். அவருக்குக் கூலியாகச் சிப்பியில் பங்கும் கிடைத்தது. பிள்ளைகளோடு வீட்டில் பேசுவதற்கு இது நல்ல விடயம்.

வயதுக்கு ஒவ்வாத ஏதும் உண்டா என்பது மற்றக் கேள்வி. நாதிர், சுர்கா என்ற இரு நண்பர்கள், அவர்கள் விரும்பிய லெய்லா என்ற பெண், மீறப்பட்ட ஒரு விரதம், மரண தண்டனை, கடைசியில் ஒரு தீ: கதை இவ்வளவுதான். முடிவு மட்டும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பிஸே 1875இல் இறந்த பிறகு மற்றவர்கள் இசைப்பிரதியில் கைவைத்தார்கள். சில பதிப்புகளில் சுர்கா கொல்லப்படுகிறான், சிலவற்றில் தனியே விடப்படுகிறான். 1863ஆம் ஆண்டின் பியானோப் பிரதியை வைத்துப் பழைய வடிவத்துக்குத் திரும்பும் முயற்சி 1970களில்தான் தொடங்கியது.

பாட்டு பிரெஞ்சில். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகள் மேடைக்கு மேலே ஓடும். இந்த ஏற்பாட்டை உலகுக்குத் தந்ததே நம் டொரொன்டோதான். 1983இல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'எலெக்ட்ரா' ஓபராவுக்காகக் கனேடிய ஓபரா நிறுவனம் இதை முதலில் செய்தது. ஆனாலும் கதையை முன்பே தெரிந்துகொண்டு போகும் பிள்ளையே தலையை மேலும் கீழும் ஆட்டாமல் மேடையைப் பார்க்கும். அதனால் கதைச்சுருக்கத்தைத் தமிழில் தருகிறோம். வகுப்பில் இரண்டு பாடல்களைக் கேட்க வைக்கிறோம்: புல்லாங்குழலும் யாழும் தொடக்கிவைக்கும் நண்பர் இருவரின் பாட்டு, அடுத்து நாதிர் தனியே பாடும் பாட்டு. வீட்டிலும் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.

ஒத்திகை என்பது காட்சி அல்ல. இதைப் பிள்ளைகளை விடப் பெற்றோர் விளங்கிக்கொள்வது முக்கியம். பாடகர்கள் பல வாரம் பியானோவோடு பழகி, தரையில் ஒட்டிய நிற நாடாக்களைச் சுவராகவும் படியாகவும் பாவித்து அசைவுகளைப் படித்து, பிறகு வாத்தியக் குழுவோடு சேர்ந்து, விளக்குகளைச் சரிசெய்து, கடைசியாக வருவது இந்த நாள். பார்வையாளர் நடுவே மேசை போட்டு இயக்குநரும் ஒளியமைப்பாளரும் சிறு விளக்குகளோடு இருப்பார்கள். படப்பிடிப்பாளர் நடமாடுவார். ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தாளத்தை நிறுத்தித் 'திரும்ப எடு' என்பது போல, இசை நடத்துநர் எந்த இடத்திலும் கையை உயர்த்தி நிறுத்தக்கூடும். முதற்காட்சிக்கு இரண்டொரு நாளே இருப்பதால் சில பாடகர்கள் குரலைச் சேமிக்க அரைக்குரலில் பாடுவார்கள், உச்ச ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி கீழே தொட்டுவிட்டுப் போவார்கள். "அவருக்குப் பாட வராது" என்று பிள்ளை வந்து சொன்னால், காரணம் இதுதான்.

அதாவது நாம் போவது மற்றவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு. இடம் தந்தவர்கள் விதிக்கும் நிபந்தனை மிகக் குறைவு. அதையும் சென்ற பயணத்தில் நாம் காப்பாற்றவில்லை.

சென்ற முறை ஒத்திகை நடுவே நம் பிள்ளைகள் இருந்த வரிசைகளிலிருந்து கைபேசிகள் ஒலித்தன, வேறு சில அதிர்ந்தன. வெளிவந்த பிறகு ஆசிரியர்கள் விசாரித்தபோது தெரிந்தது: பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. வந்த அழைப்புகளில் அநேகம் பெற்றோருடையவை. "முடிஞ்சுதா?", "எத்தனை மணிக்கு வாறது?", "சாப்பிட்டியா?" உங்கள் அக்கறை எனக்கு விளங்குகிறது. எவரையும் சுட்டிச் சொல்லவில்லை. ஆனால் அது என்ன செய்கிறது என்பதை விளக்கியாக வேண்டும்.

ஓபராவில் ஒலிவாங்கி இல்லை. முழு வாத்தியக் குழுவுக்கு மேலாக ஒரு தனிக்குரல் மேல்மாடத்தின் கடைசி இருக்கைக்குப் போய்ச் சேர வேண்டும். வாத்தியங்களின் ஒலிவலு 500 ஹேர்ட்ஸுக்கு (விநாடிக்கு 500 அதிர்வுகளுக்கு) மேலே படிப்படியாகக் குறைகிறது. பயின்ற பாடகர், முக்கியமாக ஆண் குரல்களில், தொண்டையின் அமைப்பை மாற்றி ஏறக்குறைய 3000 ஹேர்ட்ஸ் பகுதியில் தனி வலுவை உண்டாக்குகிறார். நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அந்தப் பகுதியில்தான். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கி மிக நன்றாக வேலை செய்வதும் அதே பகுதியில்தான். ஆகவே அழைப்பொலி பாடகரின் குரல் வாழும் இடத்திலேயே வந்து விழுகிறது. நாதிரின் தனிப்பாட்டு உச்சத்தில் மிக மெல்லப் பாடப்படுவது. அங்கே ஒரு மணி அடித்தால் மறைக்க எதுவும் இல்லை.

அரங்கும் அப்படிக் கட்டப்பட்டது. அருகே நிலக்கீழ் தொடருந்து, வெளியே குயின் வீதி ஸ்ட்ரீட்கார். அவற்றின் அதிர்வு உள்ளே வரக்கூடாதென்று மண்டபத்தையே நூற்றுக்கணக்கான ரப்பர் அடைகளின் மேல் தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். இவ்வளவு செலவழித்துத் தடுத்த சத்தத்தை நாம் பிள்ளையின் சட்டைப்பையில் வைத்து உள்ளே அனுப்புகிறோம்.

ஒலியை மட்டும் நிறுத்தினால் போதாது. இருக்கைச் சட்டத்தில் முட்டும் கைபேசியின் அதிர்வு முழு வரிசைக்கும் கேட்கும். திரையின் வெளிச்சம் பின்னால் இருப்பவர் எல்லோரின் கண்ணையும் இழுக்கும். அழைப்பு வரும் கைக்கடிகாரங்களும் இதே கணக்குத்தான். பாதுகாப்புக்கென்று வாங்கிக் கொடுத்திருப்பீர்கள் என்று தெரியும், அன்று மட்டும் வீட்டில் இருக்கட்டும். படம், ஒலி, காணொளி எதுவும் எடுக்க அனுமதியில்லை. கலைஞர்களின் ஒப்பந்தங்கள் அதற்கு இடம்தருவதில்லை. முதற்காட்சிக்கு முன் பத்து விநாடிக் காணொளி வெளியே போனாலும் நமக்கு மட்டுமன்றி மற்றப் பாடசாலைகளுக்கும் கதவு மூடப்படலாம்.

நீங்கள் அழைப்பதற்கு உண்மையான காரணம், முடியும் நேரம் சரியாகத் தெரியாததுதான் என்று நினைக்கிறேன். அதைச் சரியாகச் சொல்ல எங்களாலும் முடியாது. இசை மட்டும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள். இடைவேளையைச் சேருங்கள். நடத்துநர் எத்தனை தரம் நிறுத்துவார், முடிந்தபின் எந்தப் பகுதியைத் திரும்ப எடுப்பார் என்பது அவருக்கே அன்றுதான் தெரியும். வாத்தியக் கலைஞர்களின் வேலைநேரம் ஒப்பந்தப்படி வரையறுக்கப்பட்டது என்பதால் எல்லையில்லாமல் நீளாது. பகல் 1:00க்குத் தொடங்கினால் 3:15க்கும் 4:00க்கும் இடையில் முடியும் என்று எதிர்பாருங்கள்.

அதனால் இம்முறை ஏற்பாடு இது. காலை 11:15க்குப் பாடசாலை வாசலில் பஸ் புறப்படும். ஏறுவதற்கு முன் கைபேசி முற்றாக அணைக்கப்பட்டு, பெயர் எழுதிய உறையில் வகுப்பாசிரியரிடம் கொடுக்கப்படும். திரும்பிவந்து இறங்கும்போது கைக்கு வரும். அவசரமென்றால் அனுமதிப் படிவத்தில் உள்ள ஆசிரியர் இலக்கத்துக்குச் செய்தி அனுப்புங்கள். அவர் வாசலோரம் இருப்பார், இடைவேளையில் பார்ப்பார், தேவையென்றால் உடனே பிள்ளையை வெளியே அழைப்பார். அரங்கிலிருந்து பஸ் புறப்பட்டதும் எல்லோருக்கும் ஒரே ஒரு குறுஞ்செய்தி வரும். அதிலிருந்து ஏறக்குறைய 50 நிமிடத்தில் பாடசாலையில் இருப்போம். அரங்கு வாசலுக்குக் காரோடு வரவேண்டாம். அங்கே நிறுத்த இடமில்லை, ஒரு பிள்ளையைத் தனியே இறக்கிவிட நின்றால் தலை எண்ணும் வேலை முழுவதும் குழம்பும்.

பிந்தி வருபவர்களுக்காகப் பஸ் காத்திராது. காரணம் எளிது: ஒத்திகை தொடங்கிய பின் உள்ளே விடமாட்டார்கள். முதலாம் அங்கம் முக்கால் மணி நேரம். வகுப்பில் கேட்ட இரண்டு பாட்டும் அதற்குள்தான் வருகின்றன. மாலை 5:30க்குக் கட்டடத்துக்கான அனுமதி முடிகிறது. அதற்குப் பின் ஒரு பிள்ளை நின்றாலும் ஓர் ஆசிரியரும் காவலாளியும் நிற்க வேண்டும், மேலதிக மணிக்கான கட்டணமும் பாடசாலைக்கு வரும். இதைத் தெளிவாகவே சொல்கிறேன்: உறையில் கொடுக்காத கைபேசி அரங்கினுள் கண்டுபிடிக்கப்பட்டால், ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும், அந்த மாணவர் இந்த ஆண்டின் வேறெந்தப் பயணத்திலும் சேர்க்கப்படமாட்டார். அழைத்தது அம்மாவா அப்பாவா என்று விசாரித்து விதிவிலக்குத் தரமாட்டோம்.

இன்னும் சில. நைலோன் குளிர்ச்சட்டை மடியில் இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும், எல்லாம் கீழே சட்டை வைக்குமிடத்தில் விடப்படும். இருமல் இருந்தால் மிட்டாயின் தாளை முதலே உரித்து ஒரு சிறு டப்பாவில் போட்டு அனுப்புங்கள், மெதுவாக உரித்தால் சத்தம் குறையாது, நீளும். மதிய உணவு பஸ்ஸில்தான், குழம்பு வேண்டாம். சான்ட்விச்சோ ரோல்ஸோ போதும். 12:45க்கு இருக்கையில் இருக்க வேண்டும், கழிவறைக்குப் போவது அதற்கு முன். காய்ச்சலோ விடாத இருமலோ என்றால் அன்று வீட்டில் வைத்திருங்கள். அடுத்த ஒத்திகைக்கு அந்தப் பிள்ளைக்கு முதலிடம் தருவோம்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று சிலருக்குத் தோன்றலாம். உங்கள் பிள்ளைகள் சென்ற முறை ஒத்திகையின் பின் கேட்ட கேள்விகளுக்கு வாத்தியக் கலைஞர்கள் மகிழ்ந்து நின்று பதில் சொன்னார்கள் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். பனியிலும் குளிரிலும் சனிக்கிழமை தவறாமல் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவது நீங்கள். பஸ்ஸில் துணைக்கு வர முன்வந்த பெற்றோருக்கும், கதைச்சுருக்கத்தைத் தட்டச்சுச் செய்து தந்த அம்மாவுக்கும், பழைய மாணவர் சங்கத்துக்கும் மனமார்ந்த நன்றி.

அனுமதிப் படிவத்தில் இரு பெற்றோரின் இலக்கங்களையும், பிள்ளையை ஏற்ற வருபவரின் பெயரையும் எழுதி, தவணையின் இரண்டாம் சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் தாருங்கள். படிவம் வராத பிள்ளைக்கு ஆசனம் ஒதுக்க முடியாது.

அன்புடன்,
அதிபர்