மீனை எண்ணுகிறோம், மீனின் தீனியை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மும்பையில் பொம்பில் மீன் வரத்து குறைவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சின்னக் கண் வலை, கூடிப்போன படகுகள், கடலில் விழும் சாக்கடை எல்லாம் சொல்லியிருந்தீர்கள். சரிதான். ஆனால் பொம்பில் எதைத் தின்று வளர்கிறது என்று ஒரு வரி இல்லை. அதற்கு முக்கியத் தீனி ஜவ்லா. தாராவிச் சந்தையில் நம்மூர்க்காரர்கள் கூனி என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பொடி இறால்தான். அந்தக் கூனிக்குத் தீனி பாசித் துணுக்குகளும், இறாலுக்குத் தூரத்து உறவான துடுப்புக்காலிகள் என்கிற மிகச் சின்ன உயிரிகளும்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள் நான். ஒரு வருடம் பிள்ளைகளோடு பழைய நைலான் சேலையை வளைகம்பியில் தைத்து, அடியில் மருந்துப் பாட்டிலைக் கட்டி, மாகிம் கடலில் இழுத்தோம். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், துடுப்புக்காலி ஒன்று, வால் பக்கம் இரண்டு முட்டைப் பைகள் தொங்க, வெட்டி வெட்டி ஓடுகிறது. கலங்கல் தண்ணீர்தானே என்று முகம் சுளித்த பிள்ளைகள் அப்புறம் இடத்தை விட்டு நகரவில்லை.

முட்டையிலிருந்து வெளிவந்து, பதினொரு முறை சட்டை உரித்து அது பெரிதாகிறது. நம் வெதுவெதுப்பான கடலில் பல இனங்களுக்கு இதற்கு இரண்டு வாரம் போதும். வடதுருவப் பக்கம் ஓராண்டு, அதற்கு மேலும் ஆகும். அதனால் ஒருநாள் வலை இழுத்து, "இவ்வளவுதான் இருக்கிறது" என்று எழுதிவிட முடியாது. தொண்ணூறடிச் சாலைப் பால்கடையில் ராத்திரி இரண்டு பாக்கெட் மிச்சம் இருந்தால் வியாபாரம் இல்லை என்றா அர்த்தம்? கடலிலும் விளைய விளைய மீன் தின்றுவிடுகிறது. எவ்வளவு விளைகிறது என்று தெரிய, எத்தனை முட்டை, எத்தனை பிஞ்சு, எத்தனை முதிர்ந்தது என்று வாராவாரம் எண்ண வேண்டும்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. துடுப்புக்காலிக்கு அது நாலு தலைமுறைக் காலம். முட்டையிலிருந்து வந்த மீன்குஞ்சின் மஞ்சள் கரு சில நாளில் தீர்ந்துபோகும். அப்போது பலவற்றின் வாய்க்குள் போகும் அளவில் இருப்பது இந்தத் துடுப்புக்காலிப் பிஞ்சுகள்தான். அந்த வாரம் அவை விளையவில்லை என்றால், நாம் தடை போட்டுக் காப்பாற்றிய குஞ்சு பட்டினியில் சாகும். இது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஐரோப்பாவில் 1931 முதல் சரக்குக் கப்பல்களின் பின்னால் ஒரு கருவியைக் கட்டி இழுத்து, பட்டுத்துணியில் மிதவை உயிரிகளைச் சேர்த்து எண்ணுகிறார்கள். வட கடலில் குளிர்நீர்த் துடுப்புக்காலி குறைந்து வெதுநீர் இனம் பெருகியதும், காட் மீன்குஞ்சுகளுக்குத் தீனி தட்டியதும் அந்தக் கணக்கில்தான் தெரிந்தது. நம் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து அக்கரையில் உள்ள மாண்ட்வாவுக்கு வண்டிகளை ஏற்றிக்கொண்டு படகு போகிறது. அதன் பின்னால் இப்படி ஒன்றைக் கட்டலாமே? எண்ணத் தெரிந்தவர்கள் வெர்சோவா மீன்வளக் கல்வி நிறுவனத்திலேயே இருக்கிறார்கள்.

ஆகஸ்டில் படகுகள் மறுபடி இறங்கும்போது நீங்கள் வழக்கம்போல மீன் விலை எழுதுவீர்கள். உங்கள் நிருபர் அப்படியே வெர்சோவாவுக்கும் போய், இந்தப் பிஞ்சுகளின் கணக்கைக் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
சயான் கோலிவாடா, மும்பை